தினமும் ஓட்ட நல்ல வண்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் காலடியில் இருக்கிற ஒரு பைக் ஷோரூமில் ஆதிரா பல வருஷம் வேலை பார்த்தாள். ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க வருகிற பையன்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள். வண்டி விளம்பரத்துக் கலர் பேப்பரை நீட்டிக்கொண்டு நிற்கிற மற்ற பெண்களிடமும் போக மாட்டார்கள். "ஆதிரா அக்கா உண்டா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். அவள் சிரிப்புக்காகவோ பேச்சுக்காகவோ கேட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிரித்துப் பேசி வியாபாரம் பண்ணுகிற சாமர்த்தியம் அவளுக்கு நாலணாவுக்கும் கிடையாது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

ஓட்டப் பழகியதும் ஒரு வீம்பில்தான். கம்பெனியிலிருந்து லாரியில் வரும் புது வண்டிகளை குழித்துறையில் ஒரு குடோனில் இறக்குவார்கள். அங்கிருந்து ஷோரூமுக்கு ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கென்று இருந்த ஆள் வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். ஒரு நாள் முதலாளி வைகுண்டராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் எடுத்துட்டு வரட்டா சார்?" என்று கேட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவளின் தெனாவட்டைப் பார் என்று கடையே சிரித்தது. குடோன் முற்றத்தில் கிளச்சோடு மல்லுக்கட்டி, வண்டியோடு இரண்டு தடவை சாய்ந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. கியர் வண்டிக்கு லைசன்ஸும் எடுத்தாள். அந்த வட்டாரத்தில் யார் வாங்கிய புது பைக்கானாலும் அதன் முதல் ஓட்டம் அவள் கையில்தான்.

அதனால் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பையன்கள் வந்து நின்றதும் வண்டியைக் காட்ட மாட்டாள். வக்கீல் மாதிரி விசாரணையை ஆரம்பிப்பாள்.

"வண்டி யாரு ஓட்டுகது?"

"நான்தான் அக்கா."

"எங்க ஓட்டுக?"

"அருமனையில இருந்து இங்க காலேஜுக்கு."

"பின்னால யாரு இருப்பா?"

பையன் கொஞ்சம் நெளிவான். "அம்மைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போவேன்."

"செரி. அம்மைய மனசுல வச்சுக்கிட்டு ரெண்டுலயும் ஏறி இருந்து பாரு."

இரண்டு என்றால், அப்போது கடையில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகள். சிவப்பில் ஒரு இருநூறு சி.சி., நீலத்தில் ஒரு நூற்றைம்பத்தைந்து. பார்வைக்கு இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான். உடம்பெல்லாம் தகடு மூடி, முன்னால் கூர்ந்து, பின்சீட்டு தூக்கி நிற்கும். ஏறி ஓட்டினால்தான் குணம் தெரியும். சிவப்பு முறுக்கினால் பறக்கும். ஆனால் மேம்பாலத்துக்கு அடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடு தொடையை வேக வைக்கும், கிளச்சைப் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப் போகும், முன்னால் கவிழ்ந்து கிடந்தே ஓட்டுவதில் மணிக்கட்டு வலிக்கும். நீலத்துக்கு அந்தப் பறப்பு இல்லை. கிளச் மெத்தென்று இருக்கும், சின்னச் சந்திலும் வளையும், மழையில் குழி தெரியாமல் விழுந்தாலும் ஆளைத் தூக்கி எறியாது. "ரேசுக்குப் போறியன்னா சிவப்பு எடு. தெனமும் ரோட்டுல போய் வரணும்னா நீலம்" என்பாள். பாதிப் பேர் அவள் பேச்சைக் கேட்டு நீலம் எடுத்தார்கள். மீதிப் பேர் சிவப்பை எடுத்துவிட்டு, சர்வீசுக்கு வரும்போது அவள் கண்ணில் படாமல் போனார்கள்.

ஆதிராவுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது. முப்பதைத் தொடுகிற நேரத்தில் தோவாளை பக்கம் ஒரு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஹரிகுமார் மஸ்கட்டில் ஏசி டெக்னீசியன். அப்பா இல்லை. அம்மை அழகியநாயகி ஊரில் வயலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றே அழகியநாயகி, "வேலைய விட வேண்டாம் கேட்டியா மக்கா. அவன் அங்க இருக்கும்போ நீ சும்மா இருந்து என்ன செய்ய?" என்று தானாகவே சொன்னாள். அதைக் கேட்டு ஆதிராவின் அப்பா ஆறுமுகப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமியார் கிடைக்க என் மகள் என்ன புண்ணியம் செய்தாளோ என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போதெல்லாம் யாரும் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. 'ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நகை தனி. மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி எடுத்து, மாலை போட்டு, ரிப்பன் கட்டி மண்டப வாசலில் நிறுத்த வேண்டும். சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் பல்லைக் குத்திக்கொண்டே அதைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். கேட்காமல் கொடுப்பதால் அதன் பெயர் அன்பளிப்பாம். கொடுக்காமல் இருந்து பார்க்கத் துணிந்த தகப்பன் எவனும் இன்னும் பிறக்கவில்லை.

எந்த வண்டி என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. ஆறுமுகப்பெருமாளுக்குச் சிவப்பின் மேல் கண்.

"மண்டபத்துக்கு முன்ன நிக்கும்போ ஒரு எடுப்பு வேண்டாமா மக்கா?"

"மண்டபத்துல ஒரு நாளு அப்பா. மத்த நாளெல்லாம் ரோட்டுலல்லா."

"ரோட்டுல போற வண்டிய யாரு பாக்கா?"

"பாக்கதுக்கு இல்ல, ஓட்டுகதுக்கு."

அவள் மனதில் இருந்த ரோடு எது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தோவாளையிலிருந்து மார்த்தாண்டம் போகிற ரோடுதான் அது. புகுந்த வீடு தோவாளைக்கும் உள்ளே, வயலுக்கு நடுவில். அங்கிருந்து பஸ் பிடித்து நாகர்கோவில் போய், வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்து, அடுத்த பஸ்ஸில் மார்த்தாண்டம் வந்து சேர்வதற்குள் கடையில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். வண்டி இருந்தால் காலையில் கிளம்பி நேரத்துக்கு வந்துவிடலாம், விளக்கு வைக்கும் முன் வீட்டுக்கும் திரும்பிவிடலாம். ஹரிகுமார் லீவு முடிந்து மஸ்கட் போய்விடுவான். அப்புறம் அந்த வண்டியை ஓட்ட அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வேலை நிற்பதும் போவதும் அந்த வண்டியில்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, பாவம்.

கடையில் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த வண்டிகளை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பிலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலத்திலும் தோவாளை வரை போய் வந்தாள். சிவப்பில் போன அன்று தக்கலை தாண்டுவதற்குள் கை கெஞ்சியது. வில்லுக்குறியில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது கால் வெந்தது. நீலத்தில் போன அன்று பூ மார்க்கெட் முன்னால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கினாள். கை வலியில்லை, இடுப்பு வலியில்லை. இன்னும் கொஞ்ச நாளில் இது நம் ரோடு என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் போல ஒன்று அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஹரிகுமார் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான்.

"ரெண்டுலயும் தோவாளை வர போய்ப் பாத்துட்டேன்" என்றாள்.

"நெசமாவா? நீ ஆளு கொள்ளாமே, கெட்டிக்காரிதான்! பின்ன எது நல்லது?"

"நீலம். தெனமும் ஓட்டுகதுக்கு அதுதான். கை வலிக்காது. டிராபிக் பிளாக்குல நின்னாலும் சூடு அடிக்காது."

"சிவப்புக்கு ஒரு கெத்து உண்டுல்லா?"

"கெத்து மண்டபத்தோட தீந்துரும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "செரி, நீலமே எடு. நீயாக்கும் எக்ஸ்பர்ட்டு. நீ சொன்னா பின்ன அப்பீலு உண்டா?"

இப்படி ஒரு ஆணா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்கு வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து, வண்டி யார் ஓட்டுவது என்று கேட்டவள், தன் காரியத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டாள். கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஒருவன் கடல் தாண்டி இருக்கிறான், இன்னொருத்தி வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு ஓட்டத் தெரியும், வேலைக்குப் போக வேண்டும். இதில் சந்தேகப்பட ஏதாவது இருப்பதாக யாருக்குத்தான் தோன்றும்?

கல்யாணத்தன்று நீல வண்டி மாலையும் ரிப்பனுமாக மண்டப வாசலில் நின்றது. மாப்பிள்ளை வீட்டு ஆட்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "நூத்தைம்பத்தஞ்சா? இருநூறு கிடைக்கலியோ?" என்று கேட்டார். ஆறுமுகப்பெருமாளின் முகம் சுண்டிப் போனது. படம் எடுக்க வாசலுக்கு வந்திருந்த ஆதிரா அதைக் கவனித்தாள். போகட்டும், அவர்களா தினமும் ஓட்டப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஹரிகுமார் லீவு முடியும் வரை அந்த வண்டியில்தான் விருந்துக்கு வீடு வீடாகப் போனார்கள். தூக்கி நிற்கிற பின்சீட்டில் பட்டுச்சேலையோடு ஒருசாய்வாக உட்கார்ந்து, பிடிக்க இடமில்லாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போவாள். அவனுக்கு கியர் மாற்றுவதில் அவசரம். பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் திணறும். "மூணுல போடுங்க" என்பாள். "பின்னால இருந்து வண்டி ஓட்டாதடி" என்று அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். இன்னும் கொஞ்ச நாள், பிறகு முன்சீட்டு நம்முடையதுதானே என்ற தைரியம் அவளுக்கு.

அவன் விமானம் ஏறிய மறுநாள் காலையில் ஷோரூம் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆணியில் கிடந்த சாவியை எடுத்தாள். அழகியநாயகி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சாவி என்னத்துக்கு மக்கா?"

"கடைக்குப் போறேன் மாமி."

"போ. போண்டாம்னு யாரு சொன்னா? பஸ்ஸு உண்டுல்லா. வண்டி என்னத்துக்கு?"

"பஸ்ஸுல போனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது மாமி."

"அது ஹரிக்க வண்டியில்லா பிள்ளே. அவன் இல்லாத நேரத்துல நீ அதுல ஏறிப் போனா ஊருல நாலு பேரு என்ன பேசுவா?" என்று சொல்லி, சாவியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள். "தோசை ஆறிப் போவு, தின்னுட்டுப் போ."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். தோசையைத் தட்டில் வைத்து, சட்னி ஊற்றிக் கொடுக்கிறவளிடம் என்ன பேசுவது? ஆதிரா தின்றுவிட்டு பஸ்ஸில் போனாள். மத்தியானம் ஹரிகுமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அம்மையைச் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள்.

"அம்மை சொல்லுகதிலயும் ஞாயம் உண்டு" என்றான் அவன்.

"என்ன ஞாயம்? எங்க அப்பா எடுத்துத் தந்த வண்டிதானே?"

"எனக்குல்லா எடுத்துத் தந்தாரு."

"தெனமும் ஓட்ட நல்லதுன்னு நான் சொன்னப்போ சரின்னு சொன்னியளே? நீங்க அங்க இருக்கும்போ யாரு ஓட்டுவான்னு நெனச்சிய?"

"ஓட்டுகதா? நீயா?" என்று அவன் கேட்டான். அவன் அதை யோசித்தே பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏமாற்ற நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் ஓட்டுவாள் என்று அவன் மனதில் ஒரு நிமிஷம்கூடப் படவில்லை.

பஸ்ஸில் போய் வருவது பலிக்கவில்லை. தினமும் அவள் போய்ச் சேரும் நேரத்தில் பையன்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குடோனிலிருந்து வண்டி எடுக்க வேறு ஆளை வைத்துவிட்டார்கள். வைகுண்டராஜன் நல்ல மனிதர்தான், ரொம்ப நாள் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, "ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். தோவாளை பக்கமே வேற ஏதாவது வேலை கிடைக்குமான்னு பாரு மக்கா" என்றார். தோவாளையில் பூக்கட்ட ஆள் எடுப்பார்கள். அவளுக்குப் பூக்கட்டத் தெரியாது. வீட்டில் இருந்தாள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனின் வண்டியை உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள். பேட்டரி போய்விடக் கூடாது என்று தினமும் காலையில் உறையை நீக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார்கள். சில வீடுகளில் தாத்தாமார் செய்வார்கள், சில வீடுகளில் கூலிக்கு ஆள் வைப்பார்கள். இந்த வீட்டில் அந்த வேலை ஆதிராவுக்கு வந்தது. "ஒனக்குத்தான் வண்டியப் பத்தி தெரியுமே" என்றாள் அழகியநாயகி.

அவளும் செய்தாள். காலையில் முற்றம் தெளித்துவிட்டு வந்து உறையை உருவி, சாவியைத் திருப்புவாள். ஒரே இடத்தில் நின்றால் டயரில் தட்டை விழும் என்று தெரியும், அதனால் தள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஒரு வாரம், தொழுவத்தடியில் ஒரு வாரம் நிறுத்துவாள். செயினுக்கு எண்ணெய் போடுவாள். சில நாள் ஹரிகுமார் வீடியோவில் வருவான். "சத்தம் கேக்கட்டும், போனை அங்க காட்டு" என்பான். சைலன்சருக்குப் பக்கத்தில் போனைக் குனிந்து பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முறுக்குவாள். "ஹா, நல்லா இருக்கு!" என்று அவன் சொல்வது கேட்கும். புகை முகத்தில் அடிக்கும். அவனுக்கு அதில் மூச்சு முட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் அழகியநாயகி பூதப்பாண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஸ்டார்ட் பண்ணிய வண்டியை ஆதிரா அணைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டி, வயல் வரப்பை ஒட்டிய தார் ரோட்டில் மெயின் ரோடு வரைக்கும் போனாள். காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மார்த்தாண்டம் போகிற பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே போனால் என்ன இருக்கிறது, வேலையா இருக்கிறது என்று திருப்பிக்கொண்டு வந்தாள். எதிர் வீட்டு பகவதி வாசலில் நின்றாள்.

"என்ன பிள்ளே, வண்டிச் சத்தம் கேட்டுது? ஹரி வந்துட்டானா?"

"இல்ல அக்கா."

"பின்ன யாரு ஓட்டுனா?"

ஆதிரா இறங்கி நிற்கிறாள், கை ஹேண்டிலில் இருக்கிறது, இன்ஜின் இன்னும் ஓடுகிறது. அப்படியும் பகவதி கேள்வியை விடவில்லை, அழகியநாயகி வந்ததும் அவளிடமே போய்க் கேட்டாள். அதோடு சாவி பீரோவுக்குள் போய்விட்டது. காலையில் மட்டும் அழகியநாயகி எடுத்துக் கொடுத்து, அணைத்ததும் திரும்ப வாங்கிக்கொள்வாள். அப்போதும் ஒரு கடுஞ்சொல் இல்லை. "ஒனக்கு ஏதாவது ஆயிருச்சின்னா நான் ஹரிக்கு என்ன பதிலு சொல்லுவேன் மக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த லீவுக்கு ஹரிகுமார் வந்தான். வந்த வாரத்திலேயே கூட்டாளிகளோடு அந்த வண்டியில் பேச்சிப்பாறை அணைக்குப் போனான். திரும்பி வரும்போது முகம் சரியில்லை. எல்லாரும் பெரிய வண்டி வைத்திருந்தார்களாம், இவன் ஒருவன்தான் பின்னால் வந்தானாம்.

"இதக் குடுத்துட்டு அந்த சிவப்பே எடுக்கப் போறேன்" என்றான். "அப்பமே ஒங்க அப்பா சொன்னாராமே. நீதான் கேக்கல."

சிவப்பும் அந்த முற்றத்தில்தான் நிற்கப் போகிறது. அதற்கும் அதே உறைதான்.

வண்டியைப் பார்க்க ஆரல்வாய்மொழியிலிருந்து அனிஷ் என்று ஒரு இளைஞன் வந்தான். தனியார் கம்பெனியில் வேலை, தினமும் நாகர்கோவில் போய் வர வேண்டுமாம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை. செயின் பளபளவென்று இருந்தது. புது டயரில் இருக்கும் ரப்பர் முளைகூடத் தேயவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தவன், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"என்ன அண்ணே, வண்டி ஓடவே இல்ல போலிருக்கே? எவ்வளவு அருமையான வண்டி, இப்பிடிச் சும்மா நிறுத்திப் போட்டுட்டியளே?"

ஆதிரா இரண்டு பேருக்கும் சாயா கொண்டுவந்து, தட்டை நீட்டியபடி நின்றாள். ஹரிகுமார் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"நான் அங்க கெடக்கேன்லா தம்பி. வீட்டுல ஓட்டுகதுக்கு ஆளில்ல."

அனிஷ் தலையை ஆட்டிக்கொண்டு தன் தம்ளரை எடுத்தான். ஆதிரா வெறும் தட்டோடு உள்ளே போனாள்.